பறை முன்னே, கிக் பின்னே: பறையடியை வைத்து எலக்ட்ரானிக் ஆட்ட இசை செய்யும் முறை

பறையோடு எலக்ட்ரானிக் பீட் சேர்த்த டிராக்குகள் நிறைய வருகின்றன. அவற்றில் பலவற்றைக் கேட்டால் எங்கேயோ ஒட்டாமல் நிற்பதுபோல இருக்கும். பெரும்பாலும் செய்கிற வரிசைதான் காரணம். முதலில் கணினியில் கிக்கை, அதாவது ஆட்ட இசையின் தாளத்தைத் தாங்கும் கனமான டிரம் சத்தத்தை, வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். பிறகு எங்கிருந்தோ எடுத்த பறை லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டை) அதன் அளவுக்கு இழுத்தோ சுருக்கியோ மேலே ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் பறை தோரணமாகத் தொங்குமே தவிர, ஆட்டத்தைத் தூக்காது. இங்கே சொல்லும் முறையில் பறையைத்தான் முதலில் பதிவு செய்கிறோம். அது நடக்கிற நடையை அளந்த பிறகே கிக்கும் பேஸும் (கீழ்ச்சுர இசையும்) உள்ளே வரும்.

தேவைப்படும் பொருட்கள் அதிகமில்லை. ஒரு மடிக்கணினி, இரண்டு மைக் உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), இரண்டு மைக், ஒரு ஹெட்போன், எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்ற ஏதாவது ஓர் இசைப்பதிவு மென்பொருள், இவை போதும். இவற்றுக்கெல்லாம் மேலாகக் கைபழகிய பறைக் கலைஞர் ஒருவர் வேண்டும். விலைக்கு வாங்கும் சாம்பிள் தொகுப்பை (முன்பே பதிவு செய்த ஒலித்துண்டுகளை) வைத்தும் டிராக் செய்யலாம். ஆனால் கீழே வரும் வேலைகளில் பாதியை அதில் செய்ய முடியாது.

கருவியும் கலைஞரும்

பறை சுமார் 35 செ.மீ விட்டமுள்ள வட்டச் சட்டம். பெரும்பாலும் வேப்பமரத்தில் மூன்று வில் துண்டுகளாகச் செய்து, இணைப்புகளில் உலோகத் தகடு வைத்துப் பொருத்தியிருப்பார்கள். ஒரு பக்கம் மாட்டுத்தோல் இழுத்து ஒட்டப்பட்டிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி இருக்கும், அது ஏறக்குறைய 18 செ.மீ நீளம். இடது கையில் மெல்லிய, தட்டையான மூங்கில் சுண்டுக்குச்சி, ஏறக்குறைய 28 செ.மீ. சிண்டுக்குச்சி என்றும் சொல்வார்கள். அடிக்குச்சி மட்டும் நடுவில் விழுவது, சுண்டுக்குச்சி மட்டும் விழுவது, இரண்டும் சேர்ந்து விழுவது என்று அடிப்படைத் தட்டு மூன்றுதான். அத்தனை அடிகளும் (தாள வரிசைகளும்) இந்த மூன்றைக் கோத்துப் பிறந்தவை. இதற்குரிய வாய்ச்சொற்கள் குழுவுக்குக் குழு மாறும். உங்களோடு வாசிப்பவர் எந்தச் சொல் சொல்கிறாரோ, கோப்புகளுக்கும் அதையே பெயராக வையுங்கள். நாளைக்கு, “அண்ணே, அந்த ரெண்டாவது அடியை மறுபடி ஒருக்கா வாசிங்க” என்று கேட்கும்போது இரண்டு பேரும் ஒரே மொழியில் பேசலாம்.

மைக் வைப்பதற்கு முன்பே பேசி முடிக்கவேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று, அடியின் இடம். சாவு வீட்டுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று ஒவ்வொன்றுக்கும் வேலை பிரித்து வைத்திருப்பார்கள். “இது எதுக்கு அடிக்கிற அடி ஆசானே?” என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவு அடியைத் தெரியாமல் கல்யாண டிஜே செட்டில் போட்டால், கூட்டத்தில் நிற்கும் பெரியவர்கள் முதல் சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதையே தெரிந்து, வேண்டுமென்று பயன்படுத்துவது வேறு விஷயம். அந்த முடிவைக் கலைஞரோடு சேர்ந்து எடுங்கள்.

இரண்டாவது, பணமும் பெயரும். தீண்டாமையைச் சுமத்தி ஒதுக்கிய ஒரு கலையை அதன் கலைஞர்கள்தான் தலைநிமிர்த்தினார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானா, ராப், ராக் இவற்றோடு பறையையும் சட்டி என்ற தாளக் கருவியையும் முன்னால் நிறுத்தியது. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் டிராக்கின் விவரத்தில் ‘பறை’ என்று கருவியின் பெயர் மட்டும் இருந்து, வாசித்தவர் பெயர் இல்லாமல் போவதைப் பார்க்கிறோம். இது கூடவே கூடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வாசிப்பவருக்கும் உரிமை தருகிறது, அந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். 2012-இல் வந்த திருத்தம், வணிகப் பயன்பாட்டில் அவருக்கு ராயல்டி பங்கையும் சேர்த்தது. ஒரு பக்கத் தாள் போதும். யார் வாசித்தது, எந்தத் தேதி, எந்தெந்த டிராக்கில் பயன்படும், அன்றைய சம்பளம் எவ்வளவு, வருமானத்தில் பங்கு எத்தனை சதவீதம், தனித் தட்டுகளை வேறு டிராக்கில் மறுபடி பயன்படுத்தலாமா என்பதைத் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசிக் கேள்விதான் பின்னாளில் சண்டை வரும் இடம். அதை விட்டுவிடாதீர்கள்.

தோலைக் காய்ச்சுவது

பறைக்குச் சுருதி தீயில்தான். தோலில் ஈரம் ஏறினால் தளர்ந்து ‘தொப் தொப்’ என்று அடைத்த சத்தம் வரும். அனல் காட்டினால் ஈரம் போய் இறுகும், சத்தம் ‘டங்’ என்று எழும். வைக்கோல், காகிதம், காய்ந்த ஓலை எது வேண்டுமானாலும் எரிக்கலாம். தோலைத் தீக்கு நேரே பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே, நடுநடுவே தட்டிப் பார்த்துக் காய்ச்ச வேண்டும். இதைக் கலைஞரே செய்யட்டும், அவர் காதுக்குத் தெரியும் அளவு நம் கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் அனல் கூடினால் பசை விட்டுவிடும். நடுவில் கூடினால் சத்தம் மெலிந்து, ஓங்கி அடிக்கும்போது தோல் கிழியும்.

ஸ்டூடியோவில் தீ மூட்ட முடியாது. வாசலிலோ மொட்டை மாடியிலோ ஒரு வாளித் தண்ணீரோடு தீக்கு இடம் ஒதுக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் மின் அடுப்புத் தட்டின் மேல் ஒரு சாண் தள்ளிப் பிடிக்கலாம். தலை உலர்த்தும் டிரையரும் வேலை செய்யும், ஆனால் நேரம் பிடிக்கும். பிளாஸ்டிக் தோல் போட்ட பறைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, சுருதி அப்படியே நிற்கும். ஆனால் அதன் ஓசை நீண்டு ரீங்கரிக்கும், மாட்டுத்தோலின் கட்டையான முடிவு அதில் வராது. மழைக்கால மேடைக்கு அது உதவும். பதிவுக்கு மாட்டுத்தோலையே எடுங்கள்.

பதிவைக் கெடுக்கிற முதல் எதிரி, ஆறும் சூடு. காய்ச்சி முடித்ததும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை (ஒலியில் உள்ள அதிர்வெண்களைத் திரையில் காட்டுவது) திறந்து, அடிக்குச்சியால் நடுவில் பத்துத் தட்டு வாங்குங்கள். கீழ்ப்பகுதியில் பலமாக எழும் முதல் முகட்டின் ஹெர்ட்ஸைக் குறித்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். 200 இருந்த இடத்தில் 189 காட்டினால் அரைச் சுரம் இறங்கிவிட்டது, மறுபடி காய்ச்ச வேண்டும். காலையில் எடுத்த டேக்கையும் (ஒருமுறை வாசித்த பதிவையும்) மாலையில் எடுத்த டேக்கையும் ஒட்டும்போது சுருதி தட்டுவது இதைக் கவனிக்காததால்தான். ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்திருப்பதால் தோல் மெதுவாக இறங்கும். இரைச்சலுக்காக ஏசியை நிறுத்தியதும் கணக்கு மாறும்.

மைக்

பறை அருகில் நின்று கேட்டால் காதைப் பிளக்கும். அதனால் டைனமிக் மைக்கே முதல் தேர்வு. ஷூர் எஸ்எம் 57 மாதிரி ஒன்றைத் தோலிலிருந்து 15 முதல் 20 செ.மீ தள்ளி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சாய்வாக வையுங்கள். நேரே நடுவுக்கு எதிரில் வைத்தால் அடிக்குச்சியின் முட்டல் மட்டும் கேட்கும். சுண்டுக்குச்சி வீசும் பாதையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், நீளமான குச்சி மைக்கைத் தட்டிவிடும்.

இரண்டாவது மைக் பின்னால், திறந்த பக்கத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ தொலைவில். வயிற்றில் எழும் கனம் இங்கேதான் கிடைக்கும். தோல் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கும். அதனால் இரண்டு மைக்கின் அலைகளும் எதிரெதிராக இருக்கும், அப்படியே கலந்தால் கனம் காணாமல் போகும். பின் மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிவிட்டு, இரண்டையும் மோனோவில் சேர்த்துக் கேளுங்கள். எந்த நிலையில் கீழ்ச் சத்தம் தடிமனாகிறதோ அதுவே சரி. இதைப் பதிவுக்கு முன்பே காதால் உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது மைக்குக்கு வழியிருந்தால் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கன்டென்சர் மைக் வையுங்கள், சத்தத்தைக் குறைக்கும் பேட் பொத்தானைப் போட மறக்க வேண்டாம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிவிநாடி எடுக்கும். ஆகவே இந்த மைக் முன் மைக்கைவிட 5 மில்லிவிநாடிக்கு மேல் பிந்தும். அதைத் திரையில் இழுத்து நேராக்காதீர்கள், திறந்த வெளியின் உணர்வு அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

சிமென்ட் சுவர் அறையில் எதிரொலி ‘கிர்ர்’ என்று திரும்பும். கலைஞரின் முதுகுப் பக்கமும் மைக்குக்குப் பின்னாலும் மெத்தையோ தடித்த ஜமக்காளமோ தொங்கவிடுங்கள். விடியற்காலை மொட்டை மாடி இதைவிட நல்ல அறை. சுவர் இல்லை, எதிரொலி இல்லை, தீ மூட்டவும் இடம் உண்டு. காற்றுக்கு மைக்கில் பஞ்சு உறை போடுங்கள். காகங்கள் எழுவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

கலைஞரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். பறை ஆடிக்கொண்டே அடிப்பது. கால் எடுத்து வைப்பதில்தான் கையின் நடை நிற்கிறது, உட்கார்ந்ததும் அடி சப்பையாகிவிடும். தரையில் ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டு அதற்குள் ஆடச் சொல்லுங்கள், அல்லது சட்டத்திலேயே கவ்வும் சிறிய மைக்கை மாட்டுங்கள். காலில் சலங்கை இருந்தால் அது எல்லா மைக்கிலும் ஏறும். தனித் தட்டுகளைப் பதிவு செய்யும்போது கழற்றச் சொல்லுங்கள், முழு அடி வாசிக்கும்போது கட்டியே இருக்கட்டும். பிறகு ஹை-ஹாட் (டிரம் செட்டின் ‘ட்சிக்’ சத்தத் தாளம்) தேடி அலைய வேண்டியிருக்காது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். மிகப் பலமான தட்டு மைனஸ் 12 டெசிபெலில் நிற்கும்படி கெயினை (மைக் உள்ளீட்டின் அளவை) வையுங்கள். சோதனையில் அடிப்பதைவிட ஆட்டம் சூடேறியபின் யாருமே பலமாகத்தான் அடிப்பார்கள். அந்த இடைவெளிதான் டேக்கைக் காப்பாற்றும்.

எதையெல்லாம் பதிவு செய்வது

முதலில், ஓர் அடியை எந்தத் தாளக் குறிப்பும் காதில் இல்லாமல் மூன்று நிமிடம் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். இதுதான் மூலம். பிறகு அதே அடியை ஹெட்போனில் ஒரு வேகத்தோடு வாசிக்கச் சொல்லுங்கள். மெட்ரோனோமின் ‘டிக் டிக்’ பறைச் சத்தத்தில் மூழ்கிவிடும், சத்தத்தைக் கூட்டினால் காது வலிக்கும். அதற்குப் பதிலாகக் கட்டையான ஒரு கிக் சத்தத்தைப் போடுங்கள். கூட ஒருவர் நின்று அடிப்பதாக எண்ணி அதோடு வாசிப்பார். அடி மாறும் இடங்களையும் முடிக்கும் முத்தாய்ப்புகளையும் தனியாக நாலைந்து முறை வாங்குங்கள். லூப்பிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாண்டும்போது இவைதான் பாலம். இவற்றை மறந்தவர்கள்தான் கடைசியில் ‘ஷ்ஷ்ஷ்’ என்று ஏறும் எலக்ட்ரானிக் இரைச்சலை எல்லா இடத்திலும் போட்டு நிரப்புகிறார்கள்.

அப்புறம் தனித் தட்டுகள். மூன்று வகைத் தட்டு, ஒவ்வொன்றும் நாலு பலத்தில், ஒவ்வொரு பலத்துக்கும் எட்டு முறை. மொத்தம் 96. தட்டுக்குத் தட்டு இரண்டு விநாடி விட்டால் மூன்றேகால் நிமிடத்தில் முடியும், ஒரே காய்ச்சலில் எடுத்துவிடலாம். எட்டு எதற்கென்றால், ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கிபோலக் கேட்கும். எட்டையும் மாறி மாறி ஒலிக்கவிட்டால் கை இருப்பது தெரியும்.

வெட்டும்போது ஒரு நுணுக்கம். இரண்டு குச்சியும் சேர்ந்து விழும் தட்டைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே முகடு இருக்காது. முதலில் ஒரு சிறிய மேடு, சில மில்லிவிநாடி கழித்துப் பெரிய மேடு. ஒரு குச்சி ஒரு நூலிழை முந்தி விழுந்திருக்கிறது. மென்பொருளின் தானியங்கி வெட்டு பெரிய மேட்டைத்தான் தொடக்கமாக எடுக்கும், சிறியதை வெட்டி வீசிவிடும். அதோடு அந்தத் தட்டின் அகலமும் போய்விடும். ஆகவே கையால், முதல் எழுச்சிக்கு 5 மில்லிவிநாடி முன்னால் வெட்டி, ஒரு மில்லிவிநாடி ஃபேட்-இன் கொடுங்கள். வெட்டியதை மென்பொருளின் கட்டத்தில் (தாள இடங்களைக் காட்டும் கோட்டு வரிசையில்) வைக்கும்போது பெரிய மேடு அதன் கோட்டில் உட்காரட்டும், சிறிய மேடு கோட்டுக்கு முன்னாலேயே இருக்கட்டும்.

வேகத்தை அளப்பது

தாளக் குறிப்பு இல்லாமல் வாசித்த டேக்கில் வேகம் ஏறிக்கொண்டே போகும். 118 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 118 தட்டு) தொடங்கியது 130-ஐத் தொட்டுவிடலாம். அதைப் பிழை என்று நினைத்து ஒவ்வொரு தட்டையும் கட்டத்தில் பூட்டுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய சேதம். பூட்டியதும் அடி நேராகும், உயிர் போகும். நாலு சுற்றுக்கு ஒருமுறை, முதல் தட்டில் மட்டும் ஒரு குறி வைத்து அதை மட்டும் கட்டத்தில் பொருத்துங்கள். இடையில் இருப்பதை அப்படியே விடுங்கள். ஏபிள்டனில் இதைச் செய்யும்போது வார்ப் முறையை (வேகத்தை இழுத்துச் சரிசெய்யும் வழியை) ‘பீட்ஸ்’ என்று வையுங்கள், மற்ற முறைகளில் பல தட்டின் முனையை மழுங்கடிக்கும். மூல வேகத்திலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் இழுக்கவேண்டி வந்தால் வார்ப்பை விட்டுவிட்டு, அந்த வேகத்திலேயே புதிதாக ஒரு டேக் வாங்குங்கள். ஐந்து சதவீதத்துக்கு ஒரு நாள் உழைத்துச் செயற்கையாக்குவதைவிட மூன்று நிமிட வாசிப்பு மேல்.

குத்து நடை பெரும்பாலும் மூன்றாகப் பிரியும். ‘டண்டணக்கா’ என்று வாயால் சொல்லிக் கைதட்டிப் பாருங்கள், ஒரு தட்டுக்குள் மூன்று துளி ஓடும். எலக்ட்ரானிக் ஆட்ட இசை பெரும்பாலும் நாலாகப் பிரியும். இந்த மூன்றும் நாலும் சந்திக்கும் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 125 பிபிஎம்மை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு எளிது. ஒரு கிக்கிலிருந்து அடுத்த கிக்குக்கு 480 மில்லிவிநாடி. மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு துளியும் 160, நாலாகப் பிரித்தால் 120. மூன்றாவது துளி 320-இல் விழ வேண்டும். நாலாகப் பிரித்த ஹை-ஹாட்டின் கடைசித் தட்டோ 360-இல் விழும். 40 மில்லிவிநாடி இடைவெளியில் இரண்டும் மோதினால் கேட்பவருக்கு யாரோ தடுமாறுவதுபோல இருக்கும். ஆகவே பறை மூன்றில் நடந்தால் ஹை-ஹாட்டும் ஆர்பெஜியோவும் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சுரங்களும்) மூன்றில்தான் நடக்க வேண்டும். மென்பொருளின் கட்டத்தை டிரிப்லெட்டுக்கு மாற்றிவிட்டே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

நடை சரியாக 320-இல் விழுவதுமில்லை. உங்கள் டேக்கில் பத்துச் சுற்றை எடுத்து, மூன்றாவது துளி எங்கே விழுகிறது என்று அளந்து சராசரி பாருங்கள். 335 வந்தால் அந்த 15 மில்லிவிநாடிதான் அந்தக் கலைஞரின் நடை. ஏபிள்டனில் ‘எக்ஸ்ட்ராக்ட் க்ரூவ்’ என்ற கட்டளை இதை அப்படியே உருவி, ஹை-ஹாட்டுக்கும் பேஸுக்கும் மாட்டிக் கொடுக்கும். வேறு மென்பொருளில் அந்தத் துளிகளைக் கையால் 15 மில்லிவிநாடி பின்னால் தள்ளுங்கள். இப்போதுதான் இயந்திரம் பறைக்குப் பின்னால் நடக்கத் தொடங்கும்.

கிக்கும் பேஸும் உள்ளே வருவது

புரிந்துகொள்ள ஒரு பயிற்சிச் சுற்று. மரபான அடி எதையும் இங்கே எழுதவில்லை, அதை ஆசானிடம்தான் கற்க வேண்டும். நாலு கிக், ஒவ்வொன்றுக்கும் மூன்று துளி, மொத்தம் 12 கட்டம்.

இரு குச்சியும் சேர்ந்து: 1, 7
அடிக்குச்சி: 4, 10
சுண்டுக்குச்சி: 3, 6, 8, 9, 12
கிக்: 1, 4, 7, 10
பேஸ்: 3, 6, 9, 12
கைதட்டல்: 4, 10

இதை அப்படியே போட்டால் 1, 4, 7, 10 நாலிலும் பறையின் கனமான தட்டும் கிக்கும் ஒரே நேரத்தில் விழுவதைக் கவனிப்பீர்கள். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். முதலில் 4-இலும் 10-இலும் உள்ள கிக்கை எடுத்துப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும், பறை மூச்சுவிட்டு முன்னால் வரும். கூட்டம் குதிக்கவேண்டிய பகுதியில் மட்டும் நாலு கிக்கையும் திருப்பிக் கொண்டுவாருங்கள், அந்த வித்தியாசமே ‘டிராப்’ ஆகிவிடும். பேஸ் கிக்கோடு சேராமல் அடுத்த கிக்குக்கு ஒரு துளி முன்னால் விழுவதால் குதிரை ஓட்டம்போல ஒரு தள்ளல் கிடைக்கும்.

கிக்கின் சுருதியையும் பறையிலிருந்தே எடுங்கள். காய்ச்சியதும் குறித்து வைத்த ஹெர்ட்ஸை நாலால் வகுத்தால் இரண்டு ஸ்தாயி கீழே வரும். 220 என்றால் 55, 200 என்றால் 50. இந்த இடத்தில் 808 அல்லது 909 என்ற டிரம் இயந்திரங்களின் கிக் ஒன்றைச் சுருதி சேர்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒலிக்கும். வகுத்தது 40-க்குக் கீழே போனால் பெரும்பாலான ஸ்பீக்கரில் கேட்காது, அப்போது மூன்றால் வகுங்கள். பாடலின் சுருதி வேறாக இருந்தால் பறையைக் கொஞ்சம் கூடக் காய்ச்சியோ ஆறவிட்டோ அதன் அருகே கொண்டுவரலாம். கணினியில் இரண்டு அரைச் சுரத்துக்கு மேல் ஏற்றி இறக்கினால் தோலின் ஓசை தகரமாகிவிடும்.

உறுமியும் 808-உம்

உறுமியின் இடப்பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம் வழுக்கி எழும். ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808-இன் கிக்கை நீட்டி, சுரம் விட்டுச் சுரம் வழுக்கவிட்டு இன்றைய ஹிப்-ஹாப்பில் செய்யும் பேஸ் அதே வேலையைத்தான் செய்கிறது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததுபோல ஆகும். உறுமி பேசும்போது 808 ஒரே சுரத்தில் நிற்கட்டும், 808 வழுக்கும்போது உறுமியின் வலப்பக்கத் தட்டு மட்டும் வரட்டும். உறுமியை அடியில் 80 ஹெர்ட்ஸில் வெட்டி, அதே வழுக்கலை ஒரு சைன் அலையால் ஒரு ஸ்தாயி கீழே வரைந்தால், மரபும் மின்னணுவும் பிரித்தறிய முடியாத ஒரு பேஸ் கிடைக்கும். இந்த வகை இசையில் எங்களுக்கு மிகவும் பிடித்த சத்தம் இதுதான். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

தவில் சேர்ப்பதானால் விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலையையும் குச்சியால் அடிக்கும் தொப்பியையும் தனித்தனி மைக்கில் எடுங்கள். தவிலும் பறையும் சேர்ந்து ஓடினால் இரண்டுக்கும் நடுச் சத்தம் ஒன்றாகக் குவியும், மாறி மாறிக் கேள்வி பதிலாக விடுவதே நல்லது.

மிக்ஸ்

பறையின் முன் மைக்கை 90 முதல் 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் செய்யுங்கள் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள்), கீழே கிக்குக்கு இடம் விடுங்கள். குச்சியின் கூர்மை 2.5 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை உறைக்கும். நிரந்தரமாக வெட்டினால் பறை சோர்ந்துவிடும், ஓங்கிய தட்டில் மட்டும் 3 டெசிபெல் குறைக்கும் டைனமிக் ஈக்யூ போடுங்கள். பலமான தட்டை அமுக்கும் கம்ப்ரசருக்கு விகிதம் 3:1, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிவிநாடி, ரிலீஸ் (விடும் நேரம்) 60 முதல் 100, மூன்று நாலு டெசிபெல்லுக்கு மேல் அமுக்க வேண்டாம். அட்டாக்கை 1 மில்லிவிநாடிக்குக் குறைத்தால் குச்சி பஞ்சாகிவிடும்.

கிக் அடிக்கும்போது பேஸ் அமுங்கும்படி சைட்செயின் போடுவது வழக்கம், போடுங்கள். பறையை மட்டும் அந்தக் கம்பியில் மாட்டாதீர்கள். மாட்டினால் ஒவ்வொரு கிக்கிலும் தோலின் ரீங்காரம் உறிஞ்சப்பட்டு, பறை பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பத்துப் பேர் அடிப்பதுபோல வேண்டும் என்று ஒரே டேக்கை நகலெடுத்து அடுக்கினால், சத்தம் குழாய்க்குள் பேசுவதுபோல ஆகும். அதே கலைஞரை வேறு வேறு பறையில் மூன்று முறை வாசிக்கச் சொல்லி இடம், நடு, வலம் என்று பரப்புங்கள். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) 0.4 முதல் 0.6 விநாடிக்குள் இருக்கட்டும், ப்ரீ-டிலே (அது தொடங்குவதற்கு முன் இடைவெளி) 15 முதல் 20 மில்லிவிநாடி. துளிக்குத் துளி 160 மில்லிவிநாடிதான் இடைவெளி. இரண்டு விநாடி ரிவெர்ப் போட்டால் அடுத்த பன்னிரண்டு தட்டும் அதில் முழுகும்.

கடைசியாக, டிராக்கைக் கைப்பேசியில் கேளுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கிக் வராது. பறை மட்டும் தனியாக நின்றாலும் ஆட்டம் வருகிறதா என்பதே சோதனை. வரவில்லையென்றால் கிக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) சேர்த்து மேலே அலைகளை எழுப்புங்கள்.

மேடை

மேடையில் கலைஞருக்கு லேப்டாப்பின் கிக் காதில் விழ வேண்டும். முன்னால் இருக்கும் பெரிய பாக்ஸை நம்பினால் தொலைவுக்கேற்பப் பிந்தும், 10 மீட்டருக்கு 29 மில்லிவிநாடி. காதுக்குள் மாட்டும் மானிட்டர் கொடுங்கள், அல்லது காலடியில் ஒரு மானிட்டர் வைத்து அதில் கிக்கை மட்டும் விடுங்கள். பறையை லேப்டாப் வழியாக எஃபெக்ட் போட்டு வெளியே விடுவதானால் பஃபரை (கணினி ஒரே தடவையில் எடுக்கும் ஒலித் துளிகளின் எண்ணிக்கையை) 128-இல் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிவிநாடி, உள்ளே வெளியே எல்லாம் சேர்த்தாலும் தாங்கும். 1024-இல் விட்டால் கலைஞர் தன் கையையே துரத்திக்கொண்டிருப்பார்.

தோல் ஒரு பெரிய மைக்கைப்போல வேலை செய்யும். சப்-வூஃபர் பக்கத்தில் நின்றால் பறையே அதிர்ந்து, மைக் அதைப் பிடித்து, ‘ஊ’ என்று சுற்றத் தொடங்கும். சப்புக்கும் கலைஞருக்கும் குறைந்தது மூன்று மீட்டர் விடுங்கள், பறை மைக்கை மேடையில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். தட்டியதும் கணினியின் ஒலியைத் தூண்டும் ட்ரிகருக்காகத் தோலில் பீசோ உணரி ஒட்ட நினைத்தால், காய்ச்சும் அனலில் ஒட்டுப்பசை இளகி நடு ஆட்டத்தில் விழும். சட்டத்தின் மரத்தில் திருகு வைத்துப் பொருத்துங்கள்.

அடியை மாற்றும் சைகையை முன்னால் நிற்கும் ஆசான்தான் கொடுப்பார். ஆகவே லேப்டாப்பில் நேரம் குறித்து ஓடும் ஒரே நீளப் பாடலாக வைக்காதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு லூப் வைத்து, சைகை கண்டதும் அடுத்ததற்குத் தாண்டும்படி அமையுங்கள். தாண்டுவது ஒரு சுற்று முடிந்து நடக்கும்படி குவான்டைஸை ‘ஒரு பார்’ என்று வையுங்கள். திறந்த வெளி நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது. செட்டை 9.45-க்கு முடியும்படி திட்டமிட்டால் கடைசி முத்தாய்ப்பை அவசரமில்லாமல் அடிக்கலாம்.

இரவு ஏற ஏறப் பனியும் ஏறும். மேடைக்குப் பின்னால் தீயும் அதன் பக்கத்தில் காய்ச்சிய இரண்டாவது பறையும் தயாராக இருக்கட்டும். இரண்டாவது பாட்டு முடியும்போது, “அண்ணே, தோல் இறங்குதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இறங்குகிறது என்றால் சின்த் மட்டும் ஓடும் ஒரு நிமிடப் பகுதியை நீட்டிவிடுங்கள், அதற்குள் பறையை மாற்றிக்கொள்வார்.